தலைவரின் துன்பமும் அங்கத்தினரின் நம்பிக்கையும்

சங்கத் தலைவரும் மனிதரே. அவருக்கும் நோய் வரும், கடன் வரும், வீட்டில் துயரம் நேரும். அவற்றை அவர் அங்கத்தினர்களிடம் சொல்லலாமா? சொல்வதாயின் எவ்வளவு சொல்லலாம்? இம்மாதப் பாடத்தில் இக்கேள்வியை ஆராய்வோம்.

கிராமக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய ஜெர்மானியப் பெரியார் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரெய்பைசன் (1818-1888). கண்நோயினால் இராணுவ உத்தியோகத்தை 1843-இல் விட்ட அவர், பின்னர் கிராமங்களில் மேயராகப் பணியாற்றினார். 1863-இல் மனைவியை இழந்தார். பார்வை மேலும் மங்கவே 1865-இல் பதவியினின்றும் ஓய்வு பெற்றார். ஆயினும் இயக்கத்தைக் கைவிடவில்லை. மகள் அமாலி அவருக்காகப் படித்தும் எழுதியும் உதவினாள். கடன் சங்கங்களைப் பற்றிய அவரது நூல் 1866-இல் வெளிவந்தது. இயலாததை ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுத்தார். இயன்றதைப் பிறர் துணைகொண்டு செய்தார். அவர் அமைத்த சங்கங்களில் ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பாளிகள். ஆகவே ஒருவர் நிலைமையை மற்றவர் அறிந்திருப்பது அங்கே அவசியமாயிற்று.

இனி நம் அனுபவம் ஒன்று. நாம் பரிசீலனைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் தலைவர் நேர்மையானவர். அவர் மனைவி நோயுற்று வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாங்கிக் கடனைப் புதுப்பிக்கும் பத்திரங்கள் கையொப்பமின்றிக் கிடந்தன. நூல் வாங்கப் பணமில்லை. பாவு முடிந்த தறிகள் ஒவ்வொன்றாய் நின்றன. "பணத்தைத் தலைவர் விழுங்கிவிட்டார்" என்று ஊர் பேசிற்று. கணக்கைப் பார்த்தோம், ஒரு காசும் குறையவில்லை. உண்மை தெரிந்தபோது முதியவர் ஒருவர், "முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துணைத் தலைவர் பார்த்துக்கொண்டிருப்பாரே, ஐயா!" என்றார். தலைவர் மறைத்தது தம் துயரத்தை மட்டுமே. இழந்ததோ பல குடும்பங்களின் கூலி.

இதற்கு மாறான தவறும் உண்டு. சில தலைவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் தம் கஷ்டங்களையே விரித்துரைப்பர். கேட்பவர் மனம் இளகும். பிறகு கணக்குக் கேட்க நா எழாது. இரக்கம் தணிக்கைக்குத் தடையாகிவிடும். ஆதலின் மூன்று விதிகளை மனத்திற் கொள்வோம்.

முதலாவது: சங்கத்தின் வேலையையோ பணத்தையோ தொடும் துன்பத்தை நிர்வாகக் குழுவிடம் உடனே சொல்லவேண்டும். இன்ன நாள் வரை இயலாது, இன்னார் பொறுப்பேற்பார் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டும். நோயின் விவரம் வேண்டுவதில்லை.

இரண்டாவது: சங்கத்தைத் தொடாத குடும்பத் துயரத்தைப் பொதுக் கூட்டத்தில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. நம்பிக்கையுள்ள நண்பர் ஒருவரிடம் சொல்லி மனச்சுமையை இறக்கிக்கொள்ளலாம். கேட்டவர் அதை ஊர்க்கதையாக்குதல் ஆகாது.

மூன்றாவது: துன்பத்தைச் சொல்லிச் சலுகை கேட்கலாகாது. விளைச்சல் பொய்த்துத் தலைவரே தவணை தவறினால், மற்றக் குடியானவருக்குரிய விதியே அவருக்கும். அவர் தம் பாக்கியைத் தாமே முதலில் அறிவித்து, அவ்விஷயம் ஆலோசிக்கப்படும்போது ஆசனத்தைவிட்டு எழுந்திருப்பது முறை. சங்கத்துக்குக் கடன் தவறியவர் நிர்வாகக் குழுவில் இருக்கத் தகுதி இழக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. உண்மையைச் சொன்ன தலைவரை ஏளனம் செய்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். அவர் பாரத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதே கூட்டுறவு.

அடுத்த கூட்டத்தில் இவ்வொரு வினாவைச் சிந்தியுங்கள்: நம் தலைவர் நாளையே ஒரு மாதம் வர இயலாமற்போனால், நூலும் உரமும் கூலியும் தடையின்றிக் கிடைக்க யார் பொறுப்பு? விடை தீர்மானப் புத்தகத்தில் இல்லையேல், இன்றே எழுதிவிடுங்கள்.