ஊருக்கு ஊர் பலகாரம்

மகள் வீடு, கோயில், கல்யாணம், வேலை என்று நாம் பல ஊர்களுக்குப் போகிறோம். போகிற இடத்தில் புதுப் பலகாரம் கண்ணில் படும். வாசனை இழுக்கும். ஆனால் மனத்தில் பல கேள்விகள் வரும். விலை எவ்வளவோ? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? மொழி தெரியாதே, எப்படிக் கேட்பது?

இப்படி யோசித்தே பலர் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருகிறார்கள். வேறு சிலர் எதையும் பார்க்காமல் வாங்கித் தின்கிறார்கள். வயிற்றுப்போக்கோடு வீடு வந்து சேர்கிறார்கள். கூலி வேலை செய்பவர் இரண்டு நாள் படுத்துவிட்டால் இரண்டு நாள் கூலி போச்சு. மருந்துச் செலவு தனி.

பயந்து ஒதுங்கவும் வேண்டாம். அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம். மூன்று காரியம் செய்தால் போதும். பார்க்க வேண்டும். கேட்க வேண்டும். படிக்க வேண்டும். எப்படி என்று ஒரு கதை மூலம் தெரிந்துகொள்வோம்.

1. அம்மாவின் பயணம்

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா. நடவு, களை எடுப்பு என்று கூலி வேலை செய்கிறார். ஐம்பது வயதுக்குப் பிறகுதான் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தார். அவருடைய மகளும் மருமகனும் மல்காஜ்கிரியில் இருக்கிறார்கள். மருமகனுக்கு அங்கே கட்டட வேலை. பேரனுக்கு ஐந்து வயது. பேரனைப் பார்க்க அம்மா புறப்பட்டார்.

மல்காஜ்கிரி எங்கே இருக்கிறது? தெலங்கானா மாநிலத்தில், ஹைதராபாத் நகரின் வடகிழக்குப் பக்கம் இருக்கிறது. செகந்திராபாத் அருகில்தான். அங்கே ரயில் சந்திப்பு நிலையம் உண்டு. 2016இல் தெலங்கானாவில் புது மாவட்டங்கள் பிரித்தார்கள். அப்போது மேட்சல்-மல்காஜ்கிரி என்ற மாவட்டம் உண்டானது. இங்கே தெலுங்கும் உருதும் அதிகம் கேட்கும். செகந்திராபாத் பக்கம் பல தலைமுறையாகத் தமிழர்களும் வாழ்கிறார்கள்.

அம்மா கையில் புளிச்சோறு இருந்தது. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கக் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் வாங்கியிருந்தார். கடலையும் வெல்லமும் சேர்ந்த மிட்டாய் சீக்கிரம் கெடாது. பயணத்துக்கு ஏற்றது. இந்த மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊருக்கே உரிய பொருள் என்று அரசு தரும் அங்கீகாரம்தான் புவிசார் குறியீடு.

2. ரயிலில் படித்தார்

ரயிலில் தாகம் எடுத்தது. தண்ணீர் விற்பவர் வந்தார். ‘ரயில் நீர்’ பாட்டில் ஒன்றை அம்மா வாங்கினார்.

“இருபது ரூபாய்” என்றார் விற்பவர்.

அம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். “14 ரூபாய்னு போட்டிருக்கே தம்பி!” என்றார்.

விற்பவர் ஒன்றும் பேசவில்லை. 14 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

1 லிட்டர் ரயில் நீர் முன்பு 15 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் அதை 14 ரூபாயாக ரயில்வே குறைத்தது. பொட்டலத்திலும் பாட்டிலிலும் எம்.ஆர்.பி. என்று ஒரு விலை அச்சிட்டிருக்கும். அதுதான் அதிகபட்ச விலை. வரியும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ரயிலில் புகார் சொல்ல 139 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

அம்மா மிச்சம் பிடித்தது 6 ரூபாய். அவர் படித்ததோ இரண்டே எழுத்து: ஒன்றும் நாலும்.

3. பேர்தான் வேறு

மறுநாள் மாலை மகள் அம்மாவைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். பேரனும் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“அம்மா, இது என்னன்னு சொல்லு, பார்ப்போம்” என்றாள் மகள்.

“அதிரசம் மாதிரி இருக்கே!”

“அதேதான். இங்கே அரிசெலுன்னு சொல்வாங்க.”

“இது சோமாசுதானே?”

“ஆமாம். இங்கே கஜ்ஜிகாயலு.”

“இது முறுக்கா?”

“இதுக்குப் பேரு சகினாலு. அரிசி மாவு, எள்ளு, ஓமம் போட்டுப் பிசைவாங்க. அச்சு கிடையாது. துணி மேலே கையாலேயே வட்டம் வட்டமாச் சுத்தி, எண்ணெயிலே போடுவாங்க. சங்கராந்திக்கு வீட்டுக்கு வீடு செய்வாங்க.”

சர்வபிண்டி என்று ஒன்றும் இருந்தது. அரிசி மாவில் கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் சேர்த்துத் தட்டுவார்கள். நடுநடுவே ஓட்டை போட்டு, எண்ணெய் விட்டு வேக வைப்பார்கள். நம் ஊர் அடையைப் போல வயிறு நிறையும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுவிட்டுத் தின்ன வேண்டும்.

ஹைதராபாத்துக்கே பேர் வாங்கித் தந்த பலகாரங்கள் வேறு. இரானி டீக்கடையில் பாலைச் சுண்டக் காய்ச்சித் தனியாக வைத்திருப்பார்கள். தேயிலைச் சாறும் தனி. இரண்டையும் கலந்து தருவார்கள். தொட்டுத் தின்ன உஸ்மானியா பிஸ்கட். அதில் இனிப்பும் உண்டு, லேசான உப்பும் உண்டு. ரொட்டியை நெய்யில் வறுத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது டபுள் கா மீட்டா. உலர்ந்த சர்க்கரை பாதாமிப் பழத்தில் செய்வது குபானி கா மீட்டா. லுக்மி என்பது சதுரமான சமோசா. வழக்கமாக உள்ளே கொத்துக்கறி இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

பலகாரமும் நம்மைப் போலப் பயணம் செய்கிறது. அல்வா என்ற பேர் அரபு மொழியிலிருந்து வந்தது. சமோசா மேற்கு, மத்திய ஆசியப் பக்கமிருந்து வந்தது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம் சேர்த்துக் கிண்டும் தொதல் கீழக்கரையில் கிடைக்கும். இலங்கையிலும் கிடைக்கும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அதை தொதோல் என்கிறார்கள். ஆக, புது ஊர்ப் பலகாரம் அந்நியம் அல்ல. அது நமக்குத் தூரத்துச் சொந்தம்.

4. கேட்கத் தெரிந்தால் போதும்

“இவ்வளவு பேரையும் எப்படிக் கேட்டு வாங்குறே?” என்றார் அம்மா.

“பத்து வார்த்தை போதும்மா” என்றாள் மகள். அவள் சொல்லிக்கொடுத்த தெலுங்குச் சொற்கள் இவை:

எந்த? – எவ்வளவு? (‘த’ என்ற எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்)
ஒகடி – ஒன்று
மூடு – மூன்று
ஐது – ஐந்து
பதி – பத்து
இரவை – இருபது
வந்த – நூறு
நீள்ளு – தண்ணீர்
காரம் தக்குவ – காரம் குறைவாக
மாம்சம் உந்தா? – கறி இருக்கிறதா?

“மூடுன்னா கதவை மூடுறது இல்லையா?” என்று அம்மா சிரித்தார்.

“இங்கே மூடுன்னா மூணு. வந்தன்னா நூறு. உப்பு மட்டும் அங்கேயும் இங்கேயும் உப்புதான்!”

கேட்பதில் வெட்கம் வேண்டாம். வாங்குவதற்கு முன்பே விலை கேளுங்கள். தின்ற பிறகு கேட்டால் சொன்னதைக் கொடுக்க வேண்டி வரும்.

5. கடையைப் பாருங்கள்

தெருவோரம் இரண்டு வண்டிகளில் மிளகாய் பஜ்ஜி விற்றார்கள். ஒன்றில் பஜ்ஜி மலைபோல் குவிந்திருந்தது. ஈ மொய்த்தது. மற்றொன்றில் கேட்ட பிறகுதான் போட்டுக் கொடுத்தார்கள். கூட்டமும் இருந்தது. மகள் அங்கேதான் நின்றாள்.

அவள் செய்தது சரி. சமைத்த உணவு நல்ல சூடாக இருந்தால் கிருமி பெருகாது. 60 டிகிரிக்கு மேல் சூடு இருக்க வேண்டும். அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர் இருக்க வேண்டும். நடுவில் உள்ள வெதுவெதுப்பில்தான் கிருமி வேகமாகப் பெருகுகிறது. ஆகவே கண்ணெதிரே பொரித்தது, கொதித்தது, ஆவி பறப்பது நல்லது. வெட்டித் திறந்து வைத்த பழம், தெரியாத தண்ணீரில் கலந்த சர்பத், பனிக்கட்டி ஆகியவை வேண்டாம்.

எண்ணெய் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பஜ்ஜியைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். அச்சு மை உடம்புக்குக் கெடுதல். உணவைச் செய்தித்தாளில் கட்டிக் கொடுக்கக் கூடாது என்ற விதி 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வாழையிலையிலோ தட்டிலோ கேட்டு வாங்கலாம். தின்பதற்கு முன் கை கழுவ மறக்க வேண்டாம்.

6. தட்டைப் படித்தார், தராசைப் பார்த்தார்

அடுத்து இனிப்புக் கடை. பேரன் பால் பேடாவைக் காட்டினான். அம்மா தட்டின் முன்னால் இருந்த சீட்டைப் பார்த்தார். எத்தனையாம் தேதிக்குள் தின்ன வேண்டும் என்று எழுதியிருந்தது. தேதி மறுநாளோடு முடிகிறது.

“இன்னைக்கே தின்கிறதா இருந்தா வாங்கலாம். ஊருக்கு எடுத்துப் போக முடியாது” என்றார் அம்மா.

சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் இப்படித் தேதி காட்ட வேண்டும் என்ற உத்தரவு 2020 அக்டோபர் 1 முதல் வந்தது. பால் இனிப்பு சீக்கிரம் கெடும். ரசகுல்லா போன்றவற்றை 2 நாளுக்குள்ளும், கோவாவில் செய்த பேடாவை 4 நாளுக்குள்ளும் தின்றுவிடுவது நல்லது.

விலை கிலோ 400 ரூபாய். கிலோ விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். 100 கிராம் 40 ரூபாய்தான். அம்மா 100 கிராம் கேட்டார். கடைக்காரப் பையன் அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதில் பேடாவைப் போட்டான்.

“பெட்டியோட நிறுக்காதே கண்ணு” என்றார் அம்மா. மகள் அதைத் தெலுங்கில் சொன்னாள். பையன் பெட்டியை எடுத்துவிட்டுப் பேடாவை மட்டும் நிறுத்தான்.

பெட்டி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 400 ரூபாய் என்றால் அந்த அட்டைக்கு 20 ரூபாய் கொடுத்திருப்பார்கள். 100 கிராமில் பாதி அட்டையாகவே போயிருக்கும். பெட்டியைச் சேர்த்து நிறுப்பது சட்டப்படி தவறு. புகார் சொல்ல 1915 என்ற எண் உண்டு. தமிழிலும் பேசலாம்.

பொட்டலத்தில் வாங்கினால் இவற்றைப் படியுங்கள்: எடை, விலை, தேதி, 14 இலக்க உரிம எண். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. பேடாவில் ஒரு சிறு துண்டு மட்டும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

7. காசில்லாத பலகாரம்

வீட்டுக்கு வந்ததும் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தனுப்பினார். சிறிது நேரத்தில் அந்த வீட்டு அம்மாள் ஒரு தூக்கு நிறையச் சகினாலு கொண்டுவந்தார். இருவருக்கும் பேச ஒரு மொழி இல்லை. ஆனாலும் எள்ளையும் ஓமத்தையும் காட்டிக் காட்டி, செய்முறை முழுவதும் சொல்லிவிட்டார். வெளியூர்ப் பலகாரத்தைக் குறைந்த செலவில் ருசிக்க இதைவிட நல்ல வழி உண்டா?

8. வயிறு கெட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் வயிறு கெடும். உடனே இப்படிச் செய்யுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர். அதில் தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை. அரை ஸ்பூன் உப்பு. நன்றாகக் கலக்கி அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்பு அளவுக்கு மேல் போகக் கூடாது. மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், குழந்தை சோர்ந்து கிடந்தாலும் தாமதம் வேண்டாம். மருத்துவமனைக்குப் போங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. தண்ணீர் பாட்டிலில் அம்மா எதைப் படித்தார்? அதனால் என்ன லாபம்?
2. மகள் ஏன் இரண்டாவது பஜ்ஜி வண்டியில் வாங்கினாள்?
3. அதிரசத்துக்குத் தெலுங்கில் என்ன பேர்?

கணக்குப் போடுங்கள்

ஓர் இனிப்பு கிலோ 360 ரூபாய். 250 கிராம் என்ன விலை? பெட்டி 50 கிராம். பெட்டியோடு நிறுத்தால் எவ்வளவு நஷ்டம்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊர்க் கடையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்குங்கள். எடை, விலை, தேதி மூன்றையும் கண்டுபிடித்து நோட்டில் எழுதுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் கடைக்காரரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.