புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிய தம்பிகளுக்கு

பட்டாளத்திலிருந்து வந்து பேங்க் காவலுக்குப் போகிறவர்களும், அப்பாவின் ரெட்டைக்குழலைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட தோட்டக்காரர்களும்தான் நம் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர். அது சுடுகிற நேரம் சொற்பம், சும்மா கிடக்கிற காலமே அதிகம். நான் சொல்வதெல்லாம் அந்தச் சும்மா கிடக்கிற காலத்துக்கு.

1. கையில் வாங்கியதும் மடக்கித் திறந்து பார். கொடுக்கிறவர் "காலிதான்" என்றாலும், அவர் உன் அண்ணனே ஆனாலும், பார். ராத்திரியில் கண்ணை நம்பாதே. தோட்டா உட்காருகிற இடத்தில் விரலை விட்டுத் தடவு. குழல் வாய் ஒருபோதும் ஆளைப் பார்க்கக் கூடாது.

2. ஒரு மாதம் மூலையில் கிடந்ததென்றால் பின்பக்கமாகக் குழலுக்குள் வெளிச்சத்தைப் பார். மண் குளவி உள்ளே கூடு கட்டிவிடும். விரல்நகம் அளவு மண் போதும், சுடும்போது குழல் உன் கைக்குள்ளேயே வெடிக்கும்.

3. சேஃப்டியை நம்பி எதுவும் செய்யாதே. பல ரெட்டைக்குழல்களில் அது டிரிகரைத்தான் பிடிக்கும், உள்ளே இருக்கும் சுத்தியலைப் பிடிக்காது. கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. வேலி தாண்டும்போதும் ஜீப்பில் ஏறும்போதும் தோட்டாவைக் கழற்றிவிடு. சுட்டும் வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்காதே; ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடம் நில். தாமதித்து வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

4. வீட்டில் ஆணியில் மாட்டி வைக்கிற பழக்கம் தாத்தா காலத்தோடு போகட்டும். குழல் தனி, கட்டை தனி என்று கழற்றி இரும்பு பீரோவில் பூட்டு. தோட்டா வேறு பூட்டுக்குள். சாவி உன் இடுப்பில் இருக்கட்டும். அலமாரி மேல் வைக்கிற சாவி பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள் விட்டு வைக்காதே, ஈரம் இழுத்துத் துரு ஏறும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வை. பித்தளையில் பச்சை பூத்த தோட்டாவைப் போடாதே.

5. வெளியே கொண்டுபோனால் முழுக்க மூடிய உறை வேண்டும். 2016 ஆயுத விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. தோளில் திறந்தபடி மாட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்பது வீரமில்லை. லைசென்ஸ் புத்தகம் கூடவே இருக்கட்டும். அது எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், படி. இன்னொன்று: ஊட்டியிலிருந்து மைசூர் சாலை முதுமலைக்குள் போகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய வனத்துறையின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். துப்பாக்கி இருந்தால் வேறு வழியில் போ.

6. பயிர்க் காவலுக்குக் கொடுத்த லைசென்ஸ் வேட்டைக்குக் கொடுத்ததல்ல. வேட்டைக்கு 1972 வனவிலங்குச் சட்டம் தனியாக இருக்கிறது.

7. மச்சானுக்கு ஒரு நாள் இரவல் என்பதெல்லாம் கிடையாது.

8. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடாதே. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஆள் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்குச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு எங்கேயாவது இறங்கியே தீரும். இதே திருத்தம்தான் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது.

9. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் கொடு. துப்பாக்கி எண்ணும் தோட்டாக் கணக்கும் எழுதிய ரசீது இல்லாமல் மட்டும் திரும்பாதே. பேங்க் காவலில் இருப்பவர்கள் விலக்குக் கேட்டு மனுப் போடலாம்.

10. அப்பா போனதும் அவர் துப்பாக்கி தானாக உனக்கு வந்துவிடாது. முதலில் ஒப்படை, பிறகு உன் பேருக்கு மனுக் கொடு. மாவட்டத்தில் கலெக்டரிடம், சென்னையில் போலீஸ் கமிஷனரிடம். உன் லைசென்ஸ் முடிகிற தேதியையும் இன்றைக்கே காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்னாலேயே புதுப்பிக்கக் கொடுத்துவிடு. புதுப்பிக்காமல் தேதி தாண்டிவிட்டால் பீரோவில் இருப்பது கள்ளத் துப்பாக்கிதான்.