முதலில் அ-பதிவேட்டைப் பாருங்கள்

கேள்வி: சரவணம்பட்டியில் பள்ளத்தை ஒட்டின புறம்போக்குல முப்பது, நாப்பது குடும்பம் குடியிருக்கறோமுங்க. எங்க அப்பா 1986-ல போட்ட குடிசை இப்ப சிமென்ட் ஷீட் வீடா நிக்குது. கரன்ட் பில், வீட்டு வரி ரசீது, பழைய பி-மெமோ எல்லாம் இருக்குதுங்க. நாங்க அருந்ததியர், வீட்டுல தெலுங்கு பேசுவோம். "இவிங்க வந்தேறிங்க, இது எங்க ஊர்ப் பொது இடம்"னு சிலபேர் மனுக் குடுத்து, தாசில்தார் நோட்டீஸ் வந்துருச்சு. எங்களுக்குப் பின்னால பீகார்க்காரங்க பத்து வீடு அஞ்சாறு வருசமாத்தான் இருக்குது. "நாங்க தலைமுறையா இந்த மண்ணுல இருக்கறவங்க, அவிங்கள எடுத்துட்டு எங்களுக்குப் பட்டா குடுங்க"ன்னு பதில் எழுதலாமுங்களா?
- வாசகர், சரவணம்பட்டி

பதில்: கடைசியாகச் சொன்னதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

இந்தியாவில் எங்கும் குடியிருக்கும் உரிமையை அரசமைப்பின் 19-ஆம் உறுப்பு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. சாதி, பிறந்த இடம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 15-ஆம் உறுப்பு. உங்களை வந்தேறி என்பவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான். பீகார்க் குடும்பங்களை வெளியாட்கள் என்று நீங்களே எழுதினால், உங்கள் மேல் வந்த மனுவுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். கென்யாவில் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில், பல தலைமுறையாக உரிமை கேட்டு வந்த நூபிய மக்களுக்கு 2017-ல் 288 ஏக்கர் சமூகப் பட்டாவே கிடைத்தது. நம் ஊர்ப் புறம்போக்கில் அப்படி இனத்தைச் சொல்லி நிலம் கேட்க வழியில்லை. 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் தனி விவகாரம். உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்றும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

எல்லாமே நிலத்தின் வகையைப் பொறுத்தது. ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டின் நகலையும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் வாங்குங்கள். பதிவேட்டில் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், என்றிருந்தால் உங்கள் கை ஓங்கும். ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் பட்டா கேட்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் குடியிருக்கும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா தர 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவையே முடிவெடுத்தது. ஓடை, வாய்க்கால், குளம் என்றிருந்தால் நிலைமை கடினம். நீர்நிலை ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்த முடியாது என்று டி.கே. சண்முகம் வழக்கில் 2015-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது அங்கே எடுபடாது.

ஆனால் "பள்ளத்தை ஒட்டின" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. பள்ளம் என்கிற ஓடை ஒரு சர்வே எண்ணாகவும், அதை ஒட்டிய இடம் வேறு சர்வே எண்ணாகவும் இருக்கலாம். ஒரே வரிசையில் நான்கு வீடு ஓடைக்குள்ளும் ஆறு வீடு வெளியிலும் விழுவதைப் புலப்படங்களில் பார்த்திருக்கிறேன். நோட்டீஸோ பத்து வீட்டுக்கும் ஒரே மாதிரி வந்திருக்கும். ஆகவே சர்வேயரை வைத்து உங்கள் முன்னிலையில் அளந்து கல் நடக் கோருங்கள். பதிலின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும்.

பி-மெமோவை, அதாவது ஆக்கிரமிப்பு என்று வருவாய்த்துறை தந்த சீட்டை, பத்திரம் மாதிரி பொத்தி வைத்திருப்பீர்கள். அது இரண்டு பக்கமும் வெட்டும். இத்தனை வருடம் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. நிலம் அரசுடையது, நீங்கள் ஆக்கிரமிப்பாளர் என்பதும் அதிலேயே இருக்கிறது. 30 வருட அனுபவ பாத்தியதை பேச நினைத்தால் அரசு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான். வரி ரசீதும் கரன்ட் பில்லும் குடியிருப்புக்குச் சான்றே தவிர உரிமைப் பத்திரம் ஆகாது.

நோட்டீஸ் எந்தச் சட்டத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்றால் 7-ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்காமல் அகற்ற முடியாது; உத்தரவு வந்தால் 10-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. இடிப்புக்கு முன் 15 நாள் அவகாசம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். நீர்நிலைக்கும் சாலைக்கும் அது பொருந்தாது.

நிலம் ஓடைதான் என்று உறுதியானால், மாற்று வீடு கேட்டு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் இப்போதே எழுதுங்கள். கோவைக் குளக்கரைகளில் இருந்த பல குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று பிரிந்து போயின. உங்களுக்குக் கீரணத்தம் பக்கம், மலுமிச்சம்பட்டி ஊரின் மறுகோடி. பிள்ளைகளின் பள்ளி, பெண்கள் வேலைக்குப் போகும் இடம் எல்லாவற்றையும் எழுதி, அருகிலேயே வேண்டும் என்று கேளுங்கள். பின்னாலுள்ள பீகார்க்காரர்களின் பத்து வீட்டையும் அதே மனுவில் சேருங்கள்.

பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத யாராவது மிரட்டிக் காலி செய்ய வைத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அதிகாரி சட்டப்படி எடுக்கும் நடவடிக்கை அதில் வராது. வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பில்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதி வைத்து, இந்த வாரமே கோர்ட் வளாகத்திலுள்ள அந்த ஆணைக்குழுவுக்குப் போய்விடுங்கள்.