அறுந்த சைலன்சர் போல்ட்: எந்த வழி, எப்போது?

சேலம், நாமக்கல் பக்கம் கடல் காற்று கிடையாது, பிறகு துரு எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். சைலன்சரை எஞ்சினோடு சேர்க்கும் மேனிஃபோல்டு போல்ட்டுக்கு உப்பு தேவையே இல்லை. தினமும் பழுக்கக் காய்ந்து ஆறுவதிலேயே மரைக்குள் துரு ஏறி இறுகிவிடும். சென்னையில் ஓடிய பழைய காரை வாங்கி வந்திருந்தால் இன்னும் மோசம்.

போல்ட் இன்னும் அறுபடவில்லையென்றால் அவசரப்படாதீர்கள். சாயங்காலம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி விடுங்கள். காலையில் ஆறுமுனை சாக்கெட்டை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்பப் போக வேண்டும். ஸ்பேனரில் குழாயைச் செருகி நெம்பினால் அறுந்துவிடும்.

அறுந்துவிட்டதா? துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என் முதல் தேர்வு வெல்டிங்தான். 8 எம்.எம். துண்டின் மேல் 10 எம்.எம். நட்டை வைத்து, நட்டின் உள்குழியை வெல்டால் நிரப்ப வேண்டும். அந்தச் சூடு மரையில் பிடித்திருக்கும் துருவை உடைக்கும். ஆறும்போது போல்ட் சுருங்கும். சிவப்பு அடங்கிய பிறகு ஸ்பேனரை மாட்டி, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் கிரீச்சென்று இளகும். முதல் நட்டு பிய்ந்து வந்தால் இன்னொன்று வையுங்கள். ஒவ்வொரு சூடும் உதவும். இப்போதைய கார்களில் போல்ட் ஏறும் எஞ்சின் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். இரும்பு வெல்ட் அதில் ஒட்டாது என்பது நமக்குச் சாதகம். ஆனால் கேஸ் டார்ச்சை அலுமினியத்தில் காட்டும்போது கவனம்: இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரிக்கும் கீழேயே திடீரென உருகிவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நாமக்கல்லில் எரிவாயு டேங்கர்கள் நிற்கும் இடம் அதிகம். அவற்றின் அருகில் இந்த வேலையை நினைக்கவே கூடாது.

துண்டு ஹெட்டோடு சமமாகவோ உள்ளேயோ அறுந்திருந்தால் டிரில்லிங். முழு வேலையும் சென்டர் பஞ்சில்தான் இருக்கிறது. புள்ளி நடுவில் விழாவிட்டால் டிரில் மென்மையான அலுமினியத்துக்குள் நழுவி மரையைத் தின்றுவிடும். சிறிய டிரில்லில் தொடங்கி, 8 எம்.எம். மரைக்கு 6.8 வரை படிப்படியாகப் போங்கள். இடக்கை டிரில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சில நேரம் துளையிடும்போதே துண்டு சுழன்று வந்துவிடும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் போட்டுச் சரிசெய்யலாம்.

கடைக்காரர் முதலில் நீட்டும் ஈஸி அவுட்டைத்தான் நான் கடைசியில் வைப்பேன். முழுத் தடிமன் போல்ட்டே முறுக்கத்தில் அறுந்திருக்கும்போது, அதன் நடுவில் செருகும் மெல்லிய கருவி எப்படித் தாங்கும்? அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் இறங்காது. ஹெட்டைக் கழற்றி மின்பொறி அரிப்பு எந்திரம் உள்ள பட்டறைக்குத் தூக்க வேண்டியதுதான். அளவுக்கு மீறி இறுக்கியதால் அறுந்த, துருவேறாத போல்ட்டுக்கு மட்டும் ஈஸி அவுட் சரி.

திரும்பப் பூட்டும்போது புது ஸ்டட், புது நட்டு, புது கேஸ்கெட் போடுங்கள். மரையில் சூடு தாங்கும் செம்புப் பசையை மெல்லியதாகத் தடவினால் அடுத்த முறை கையோடு வரும். பசை போட்ட மரை எளிதாகச் சுழலும் என்பதால் டார்க் ரெஞ்சில் அளவைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.