தாள் எரிப்பில் முந்துவது இந்தியாவா, சீனாவா?

வயலில் பயிர்த்தாளை எரிப்பதால் வெளியேறும் பசுங்குடில் வாயுவில் சீனா இந்தியாவை மிஞ்சுகிறது, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளிவிவரமே அதற்குச் சான்று. இப்படி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. புள்ளிவிவரத்தில் சீனாவின் எண் பெரியது என்பது சரிதான். ஆனால் சீன உழவர்கள் அதிகம் எரிக்கிறார்கள் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. அது உருவாகும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். நெல், கோதுமை, மக்காச்சோளம், கரும்பு ஆகிய நான்கு பயிர்களின் அறுவடைப் பரப்பை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். எந்த நாடானாலும் அதில் பத்து சதவீதம் எரிந்ததாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் எரியும் தாளின் உலர் எடை கோதுமைக்கு 4 டன், நெல்லுக்கு 5.5, கரும்புக்கு 6.5, மக்காச்சோளத்துக்கு 10 டன் என்பவை பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவான ஐபிசிசி 2006இல் தந்த பொது மதிப்புகள். நெல்லும் கோதுமையும் சீனாவைவிட இந்தியாவில்தான் அதிகப் பரப்பில் விளைகின்றன. ஆனால் மக்காச்சோளம் சீனாவில் 4 கோடி ஹெக்டேருக்கு மேல். இங்கே ஏறத்தாழ ஒரு கோடிதான். ஒரு ஹெக்டேர் மக்காச்சோளம் இரண்டரை ஹெக்டேர் கோதுமைக்குச் சமமாக எண்ணப்படுவதால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பஞ்சாபில் ஓராண்டு முழுக்க ஒரு வயலிலும் தீ வைக்காவிட்டாலும் இந்தியாவின் எண் இறங்காது. சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் எரிப்புக்குத் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீனாவின் எண் அசையாது.

எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல்தானே, ஒப்பிட்டால் என்ன தவறு என்று கேட்கலாம். அளவுகோல் ஒன்றுதான், அது அளப்பது விளைந்த பரப்பை, தீயை அன்று. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, நெல் வைக்கோலில் தாய்லாந்தில் 48 சதவீதமும் பிலிப்பைன்ஸில் 95 சதவீதமும் வயலிலேயே எரிவதாக மதிப்பிட்டது. இந்தியாவில் பயன்படாமல் மிஞ்சுவதே 23 சதவீதம், அதில் பெரும்பகுதி எரிக்கப்படுகிறது என்றது. மாட்டுத் தீவனத்துக்கும் கூரைக்கும் வைக்கோல் எவ்வளவு போகிறது, அடுத்த விதைப்புக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. அத்தனையையும் பத்து என்று வைப்பது, வேறு தரவே இல்லாத நாடுகளுக்கு ஒரு குத்துமதிப்பு தருவதற்குப் பொருந்தும். இரு நாடுகளில் யார் மேல், யார் கீழ் என்று தீர்ப்பெழுத அது போதாது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி, ஏனென்றால் தீர்வு அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆனால் அதிலும் கவனம் வேண்டும். பஞ்சாபில் அறுவடைக்காலத் தீ நிகழ்வுகள் 2020இல் 83,002 என்றும் 2024இல் 10,909 என்றும் பதிவாயின. இந்தக் கணக்கெடுப்புக்கு உதவும் செயற்கைக்கோள்களில் முக்கியமானவை பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டிக் கடந்து போகின்றன. அவை போன பிறகு, மாலை நெருங்கும்போது மூட்டப்பட்ட தீயைத் தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள் கண்டது. ஆகவே எண்ணிக்கையில் வந்த சரிவு முழுவதும் எரிப்பு குறைந்ததால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. தவிர, தீ எண்ணிக்கை வேறு, எரிந்த டன் வேறு. எரிந்த பரப்பையும் வயலில் கிடந்த தாளின் எடையையும் சேர்த்து அளந்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

தாள் எரிப்பே வேளாண்மையின் பெரிய பசுங்குடில் வாயு ஊற்று என்பதும் தவறான எண்ணம். ஒரு டன் உலர்ந்த தாள் எரிந்தால் 1,515 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 2.7 கிலோ மீத்தேன், 0.07 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும் என்பது ஐபிசிசியின் மதிப்பு. முதலாவதை அடுத்த போகத்துப் பயிர் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற இரண்டின் வெப்பமூட்டும் திறனை முறையே 28, 265 மடங்கு என்று எடுத்தால், டன்னுக்குச் சுமார் 94 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இந்தியா ஐ.நா.வுக்குத் தந்த அறிக்கையிலும் வேளாண் துறை உமிழ்வில் தாள் எரிப்பின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். கால்நடைகளின் செரிமானம் பாதிக்கு மேல். அப்படியானால் எரித்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியுமா? முடியவே முடியாது. நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளும் கரும்புகையும் இந்தப் பசுங்குடில் கணக்குக்குள் வருவதே இல்லை. நவம்பரில் பஞ்சாபிலும் தில்லியிலும் குழந்தைகள் சுவாசிப்பது அதைத்தான். மக்களின் உயிரை நினைத்து இரு நாடுகளை ஒப்பிட விரும்புவோர் புகையை ஒப்பிட வேண்டும்.

தீயை நிறுத்தினால் உமிழ்வு பூஜ்யமாகிவிடும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தாளை மண்ணோடு மடக்கி உழுது, முப்பது நாளுக்குள் நீர் கட்டி நெல் நட்டால், அது நீருக்கடியில் அழுகி மீத்தேனைக் கூட்டும். முப்பது நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் அதன் தாக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவதாக ஐபிசிசி வழிகாட்டி வைத்திருக்கிறது. பஞ்சாபில் நெல்லுக்குப் பின் வருவது நீர் தேங்காத கோதுமை. தாளை வயலிலேயே விட்டு அதன் ஊடே விதைப்பது அங்கே நல்ல வழி. தெற்குச் சீனாவில் நெல்லை அறுத்த கையோடு மறுபடி நெல் நடும் வயலில் அதே அறிவுரை மீத்தேனைப் பெருக்கும்.

தாள் எரிப்பில் இரு நாடுகளை வரிசைப்படுத்தும் செய்தி கண்ணில் பட்டால், எரிந்த பரப்பு அளந்ததா, அனுமானித்ததா என்று முதலில் பாருங்கள். அனுமானித்தது என்றால், அதை வைத்து எந்த நாட்டு உழவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.