ஸ்ரேசன் றோட்டுக்கு எத்தனை வயது?

கேள்வி: ஐயா, கடிதத்தில் 'புகையிரத நிலைய வீதி, சுன்னாகம்' என்று எழுதுகிறோம். வாயில் வருவதென்னவோ 'ஸ்ரேசன் றோட்டு'. இந்தப் பெயர் எப்போது வந்தது? இடையில் எத்தனையோ வருடம் ரயிலே வராதபோதும் ஏன் மாறவில்லை?
– வாசகி ஒருவர், சுன்னாகம்

பதில்: பெயருக்கு 1902ஐத் தாண்டிய வயது இருக்க முடியாது. அந்த வருடம் மார்ச் 11ஆம் திகதிதான் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது. சுன்னாகம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு இங்கே ரயிலேறிக் கொழும்புக்குப் போக முடியாது. தெற்கிலிருந்து வந்த தண்டவாளம் இன்னும் வடக்கை எட்டவில்லை. குடாநாட்டு ரயில் குடாநாட்டுக்குள்ளேயே ஓடித் திரும்பியது. வடபாதை முழுவதும் திறக்கப்பட்டது 1905 ஆகஸ்டில். கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் ஊருக்கு ரயிலில் வந்திறங்கியது அதற்குப் பிறகுதான்.

ஸ்ரேசன் கட்டினால் அதற்குப் போகும் தெருவுக்கு அதன் பெயரையே வைப்பது ஆங்கிலேயர் வழக்கம். பிரித்தானியாவில் மிகப் பரவலான தெருப் பெயர்களில் இதுவும் ஒன்று. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இதே பெயரில் வீதிகள் உண்டு. நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிய லண்டன் ஹரோவிலும் உண்டு.

எங்கள் ஊருக்கும் இந்த வழக்கம் பொருந்திப்போயிற்று. சுன்னாகத்து வீதிகளைப் பாருங்கள்: காங்கேசன்துறை வீதி, கந்தரோடை வீதி. எங்கே கொண்டுபோய் விடுமோ அதுதான் பெயர். காங்கேசன்துறைக்கும் அப்படியொரு கதை இருக்கிறது. முன்பு அது கயாத்துறை. மாவிட்டபுரம் கோயிலுக்குக் காங்கேசன் என்னும் முருகன் விக்கிரகம் வந்திறங்கியதால் பெயர் மாறியது என்பது ஐதிகம்.

இனி இரண்டாவது கேள்வி. 1990இல் ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களுக்குப் போயின. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும், சுன்னாகம் வழியாகக் காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும்தான் ரயில் திரும்பி வந்தது. ஆனால் பெயர் அதற்குள் காணி உறுதியிலும், அடையாள அட்டையிலும், வெளிநாட்டிலிருந்து வரும் கடித உறையிலும் ஏறியிருந்தது. ரயில் இல்லையென்று அதையெல்லாம் யார் போய் மாற்றுவது?

1902க்கு முன்பு உங்கள் வளவு எப்படி அறியப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், வீட்டில் பழைய உறுதி இருக்கிறதா என்று தேடுங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, நாலு பக்கத்து எல்லை எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கத்து எல்லையாக வெறும் 'ஒழுங்கை' என்று கண்டால், அதுவே இன்றைய ஸ்ரேசன் றோட்டாகவும் இருக்கலாம்.