குளம் வற்றினால் ஆமை எங்கே போகும்?

கேள்வி: மாரியில் எங்கள் ஊர்க் குளத்தில் பெரிய ஆமைகளைக் காண்கிறோம். கோடையில் குளம் வெடித்துக் கிடக்கும்போது அவை எங்கே போகின்றன?
— வாசகர், சுன்னாகம்

பதில்: பெரும்பாலும் அதே குளத்தின் சேற்றுக்குள்தான். நீங்கள் காண்பது பாலாமையாக இருக்கலாம். ஓடு ஓரடி நீளம் வரை வளரும். அதன் மேல் கடினமான தகடுகளுக்குப் பதிலாக மென்மையான தோல் போர்த்தியிருக்கும். தலையையும் கால்களையும் உள்ளிழுத்ததும், அடிப்பகுதியிலுள்ள தோல் மடல்கள் பின்னங்கால்களைக் கதவுபோல மூடிவிடும். இலங்கைப் பாலாமை இந்தியப் பாலாமையிலிருந்து வேறுபட்ட தனி இனம். உலகில் வேறெங்கும் இல்லாதது.

தவளை, மீன், நத்தை, நீர்த்தாவரம், செத்த உயிரினம் எல்லாவற்றையும் தின்று குளத்தைத் துப்புரவாக வைத்திருக்கும். நீண்ட மூக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடும். பெண் ஆமை கரையேறி, மண்ணில் குழி பறித்து, உருண்டையான முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவரப் பல மாதங்கள் ஆகும்.

நீர் வற்றியதும் சேற்றில் புதைந்து, உடலின் இயக்கத்தைக் குறைத்து, உண்ணாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். சில, ஈரம் தேடி வேறு நீர்நிலைக்கு நடக்கும். அப்போதுதான் வீதியில் வாகனங்களில் அடிபடுகின்றன.

நிரந்தர ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் குளமும் கேணியுமே இவற்றின் வீடு. கோடையில் குளத்தைத் தூர்வாரும்போது இயந்திரத்தை இறக்குமுன் சேற்றைப் பாருங்கள். அகப்படும் ஆமையைப் பக்கத்து ஈரநிலத்தில் விட்டுவிடுங்கள். இறைச்சிக்காகப் பிடிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.